திருச்சிக்கு இரண்டு நாள்: மன்னார்புரத்தில் தூங்குவதா, ஸ்ரீரங்கத்தில் விழிப்பதா?

வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலேற வேண்டியது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு ஊரைச் சுற்ற வேண்டியது. திங்கள்கிழமை காலையில் சிவந்த கண்களோடு ஆபீசிலோ வகுப்பிலோ போய் உட்கார வேண்டியது. இந்தப் பழக்கம் இப்போது தமிழ்நாட்டில் நன்றாகவே வேர் பிடித்துவிட்டது. பாண்டிச்சேரி, ஊட்டி, கொடைக்கானல் என்று ஒரு ரவுண்டு முடித்தவர்கள் அடுத்து திருச்சி பக்கம் திரும்புகிறார்கள். எங்கே சுற்றுவது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் கிடையாது. மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், நேரம் இருந்தால் கல்லணை, முக்கொம்பு. எங்கே தங்குவது என்பதில்தான் வீட்டில் சண்டையே வருகிறது!

ஓட்டல் தேடும் தளத்தில் 'திருச்சி' என்று தட்டினால் வந்து விழும் பட்டியலில் பெரும்பாலானவை கன்டோன்மென்ட், ஜங்ஷன், மன்னார்புரம் வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அதிலும் சிலவற்றின் நெற்றியில் 'பூட்டிக்' என்று ஒரு பொட்டு. படத்தைப் பார்த்தால் கண்ணாடிச் சுவர், ஊதா நிற விளக்கு, படுக்கை மேல் துண்டைச் சுருட்டிச் செய்த அன்னப்பறவை. அன்னப்பறவை இருந்தால் ஸ்டைலான ஓட்டல், இல்லையென்றால் லாட்ஜ். இந்தப் பிரிவினையை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை.

இந்தக் கட்டுரையின் கட்சி ஒன்றுதான். இரண்டு நாள் பயணத்துக்கு ஓட்டல் தேர்வு செய்கிறவர்கள் பார்க்க வேண்டியது அறையின் படத்தை அல்ல, அந்த அறை இருக்கும் தெருவை. அப்படிப் பார்த்தால் திருச்சியில் உண்மையாகவே ஸ்டைலான ஓட்டல்கள் வர வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கே அவை இன்னும் வரவில்லை. வருவதற்குள் அந்த இடம் மிஞ்சுமா என்பதுதான் கவலை.

பூட்டிக் என்ற பொட்டு

பூட்டிக் என்றால் பிரெஞ்சில் சின்னக் கடை, அவ்வளவுதான். அது ஓட்டலோடு ஒட்டிக்கொண்ட கதை சுவாரசியமானது. 1978இல் லண்டனில் அனூஷ்கா ஹெம்பெல் என்பவர் பிளேக்ஸ் என்ற சின்ன ஓட்டலைத் திறந்தார். ஒவ்வொரு அறையையும் ஒவ்வொரு மாதிரி அலங்கரித்திருந்தார். 1981இல் சான் பிரான்சிஸ்கோவில் பில் கிம்ப்டன் பெட்ஃபோர்டைத் திறந்தார். 1984இல் நியூயார்க்கில் இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெலும் மார்கன்ஸ் என்ற ஓட்டலைத் தொடங்கினார்கள். மற்ற ஓட்டல்கள் எல்லாம் எல்லாச் சாமானும் விற்கும் பெரிய அங்காடி மாதிரி, இது ஒரு பூட்டிக் மாதிரி என்று ரூபெல் விளக்கம் சொன்னதில் இருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அதாவது, எந்த ஊருக்குப் போனாலும் ஒரே மாதிரி இருக்கும் சங்கிலி ஓட்டல்களுக்கு எதிராகக் கிளம்பிய சமாச்சாரம் இது. சின்னதாக இருக்க வேண்டும், தனக்கென்று ஒரு குணம் இருக்க வேண்டும், வேறு ஊரில் அதே ஓட்டல் இருக்கக் கூடாது. ஆனால் பணம் எங்கே இருக்கிறதோ அங்கே பெரிய கம்பெனிகள் வராமல் இருக்குமா? 1998இல் ஸ்டார்வுட் நிறுவனம் 'டபிள்யூ' என்று ஒரு வரிசையையே தொடங்கியது. சங்கிலி ஓட்டலுக்கு எதிராக வந்ததையே சங்கிலியாக்கிவிட்டார்கள்!

நம் நாட்டில் நிலைமை இன்னும் வேடிக்கை. மத்திய சுற்றுலாத் துறை ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிறது. 1950க்கு முன்பு கட்டிய அரண்மனை, பங்களா, வீடுகளில் நடக்கும் ஓட்டல்களுக்கு 'ஹெரிட்டேஜ்' என்று தனி வகை இருக்கிறது. வீட்டுக்காரரே குடியிருந்துகொண்டு 1 முதல் 6 அறைகள் வரை வாடகைக்கு விடுவதற்கும் ஒரு திட்டம் இருக்கிறது. ஆனால் பூட்டிக் என்பது நட்சத்திரம் மாதிரி யாரும் வந்து சோதித்துக் கொடுக்கும் பட்டம் இல்லை. ஆகவே பன்னிரண்டு அறை இருந்து, வரவேற்பறையில் ஒரு புத்தர் தலை வைத்தால் பூட்டிக் ஓட்டல் தயார்.

பக்கத்து ஊர்கள் என்ன செய்தன?

தமிழ்நாட்டில் பூட்டிக் என்ற சொல்லுக்குத் தகுதியான இடங்கள் இல்லாமல் இல்லை. காரைக்குடியில் 'தி பங்களா' 1999 முதல் நடக்கிறது. ஒரு செட்டியார் குடும்பத்தின் பங்களா அது. விருந்தாளிகள் அங்கே போவது பாதி அறைக்காக, பாதி வாழை இலைச் சாப்பாட்டுக்காக. தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைக்கு அருகே கடலைப் பார்த்தபடி இருக்கும் பழைய பங்களாவை நீம்ரானா நிறுவனத்தார் ஓட்டலாக்கினார்கள். தஞ்சாவூரில் 'ஸ்வாத்மா' ஒரு பழைய வீட்டை நடுவில் வைத்து வளர்ந்தது. பாண்டிச்சேரியைச் சொல்லவே வேண்டாம். அங்கே பிரெஞ்சுக்காரர் தெருக்களில் மஞ்சள் சுவர் வீடுகள் வரிசையாக ஓட்டலாகி நிற்கின்றன.

இவற்றுக்குள் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கட்டிடத்தைப் பெயர்த்து வேறு ஊரில் வைத்தால் ஒட்டாது. காரைக்குடி பங்களாவை ஈரோட்டில் வைக்க முடியாது. ஆனால் மன்னார்புரத்துக் கண்ணாடிச் சுவர் ஓட்டலைத் தூக்கி ஈரோட்டில் வைத்தாலும், ஏன், ஷார்ஜாவில் வைத்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பூட்டிக்கா இல்லையா என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான பரீட்சை வேண்டியதில்லை.

மன்னார்புரத்தின் நியாயம்

அதற்காக மன்னார்புரம் ஓட்டல்களை மட்டம் தட்டுவது அநியாயம். அவை யாருக்காகக் கட்டப்பட்டன என்று பார்க்க வேண்டும். திருச்சி கோயில் ஊர் மட்டும் அல்ல. 1960களில் வந்த பெல் தொழிற்சாலை, அதைச் சுற்றி முளைத்த பட்டறைகள், 1964இல் ஆர்.ஈ.சி.யாகத் தொடங்கி இன்று என்.ஐ.டி.யாக இருக்கும் கல்லூரி, பொன்மலை ரயில்வே பணிமனை, சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பறக்கும் விமானங்கள் என்று ஊருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வேலையாக வருகிறவர்கள். மெடிக்கல் ரெப், இன்ஜினியர், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வந்த அப்பா, கல்யாணத்துக்கு வந்த கூட்டம், சிங்கப்பூரில் இருந்து இறங்கிய அத்தை. இவர்களுக்கு ராத்திரி இரண்டு மணிக்கும் திறந்திருக்கும் வரவேற்பறை வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டும், லிப்ட் வேண்டும். சங்கம், ஃபெமினா, பிரீஸ் ரெசிடென்சி, மன்னார்புரம் சந்திப்பிலேயே இருக்கும் கிராண்ட் கார்டெனியா, பின்னால் வந்த மேரியட்டின் கோர்ட்யார்ட் எல்லாம் இந்தத் தேவையில் இருந்து பிறந்தவை.

மன்னார்புரம் ஒரு நாலு ரோடு. ஜங்ஷன் கூப்பிடு தூரம், மத்திய பஸ் நிலையம் பக்கம், மதுரைக்கும் சென்னைக்கும் போகும் சாலைகள் வாசலிலேயே. பல ஆண்டுகள் தீபாவளி, பொங்கல் வந்தால் தற்காலிக பஸ் நிலையம் முளைத்ததும் இங்கேதான். அந்த நெரிசலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற எவருக்கும் எதிரே தெரிந்த ஓட்டல் சொர்க்கமாகத்தான் தெரிந்திருக்கும்.

ஆனால் அந்தச் சௌகரியத்தின் கணக்கு இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. ஜங்ஷன் பக்கத்து மேம்பாலம் மன்னார்புரம் பக்கம் ராணுவ நிலம் கிடைக்காமல் பல ஆண்டு அந்தரத்தில் நின்றது, 2023இல்தான் முழுதாக முடிந்தது. 2024இல் விமான நிலையத்துக்குப் புது முனையம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக 2025 ஜூலையில் வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூருக்குப் போய்விட்டன. பஸ்ஸில் வந்து இறங்குகிறவருக்கு மன்னார்புரம் இனி 'இறங்கியதும் எதிரே' இல்லை, டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துப் போக வேண்டிய இன்னொரு இடம். பக்கத்தில் என்ற ஒரே காரணத்துக்காக அங்கே தங்கியவர்கள் அந்தக் காரணத்தை மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டிய நேரம் இது. ரயிலிலும் விமானத்திலும் வருகிறவர்களுக்கு மட்டும் கணக்கு பழையபடியே.

பத்து கிலோமீட்டரும் ஒரு விடியற்காலையும்

மன்னார்புரத்தில் இருந்து ஸ்ரீரங்கம் பத்து கிலோமீட்டர் வாக்கில் வரும். பெரிய தூரம் இல்லைதான். ஆனால் நடுவில் காவிரி இருக்கிறது, அதன் மேல் பாலம் இருக்கிறது. 1976இல் கட்டிய அந்தப் பாலத்தைப் பழுது பார்க்க 2022 நவம்பரில் மூடி 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த மாதங்களில் தென்கரையில் தங்கி வடகரையைப் பார்க்க வந்தவர்களுக்கு ஊரின் பாதி நேரம் சாலையிலேயே போனது. பாலம் திறந்திருக்கும் நாளிலும் சத்திரம் பஸ் நிலையத்தைத் தாண்டுவதற்குள் பொறுமைக்கு ஒரு பரீட்சை நடந்துவிடும்.

தூரத்தைவிட முக்கியமானது நேரம். ஸ்ரீரங்கத்தில் விடியலில் விஸ்வரூப சேவை. யானையும் பசுவும் சன்னதி முன்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். பால்காரர் சைக்கிள் சத்தம், எங்கோ ஒரு வீட்டில் ரேடியோ, அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நடக்கும் பெரியவர். இதற்கு டிக்கெட் கிடையாது. ஆனால் அந்தத் தெருவில் தூங்கி எழுந்தவருக்குத்தான் கிடைக்கும்.

மன்னார்புரத்தில் தங்கியவர் என்ன செய்வார்? ஏழரைக்கு எழுந்து, 'இலவசக் காலை உணவு' என்று எழுதியிருப்பதால் அதை விடக் கூடாது என்று ஒன்பது மணிவரை இட்லியில் இருந்து கார்ன்ஃபிளேக்ஸ் வரை ஒரு கை பார்த்துவிட்டு, கார் பிடித்து பத்தரைக்கு ராஜகோபுரத்தடியில் இறங்குவார். வெயில் ஏறியிருக்கும். வரிசை நீண்டிருக்கும். 236 அடி கோபுரத்தை அண்ணாந்து ஒரு படம். உள்ளே வரிசையில் ஒன்றரை மணி நேரம். வெளியே வந்து திருவானைக்காவலுக்குப் போவதற்குள் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தியிருப்பார்கள். அப்புறம் 'ஸ்ரீரங்கம் ஒரே கூட்டம்ப்பா' என்று ஊருக்குத் திரும்பிச் சொல்வார். அவர் பார்த்தது ஸ்ரீரங்கத்தை அல்ல, பத்தரை மணியை.

கோயில் 156 ஏக்கர், ஏழு பிராகாரம், 21 கோபுரம் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அந்த ஏழில் வெளிப் பிராகாரங்கள் மனிதர்கள் குடியிருக்கும் தெருக்கள் என்பதுதான் உலகத்திலேயே அதிசயம். கோயிலுக்குள் ஊர், ஊருக்குள் கோயில். சுஜாதா தன் ஸ்ரீரங்கத்துக் கதைகளுக்குக் களமாக எடுத்துக்கொண்டதும் இந்தத் தெருக்களைத்தான். பெருமாளைப் பார்ப்பதற்கு வரிசை உண்டு, தெருவைப் பார்ப்பதற்கு வரிசை இல்லை. ஆத்திகர், நாத்திகர் இருவருக்கும் பொருந்தும் வசதி இது.

ரயில் வரும் நேரமும் அறை கிடைக்கும் நேரமும்

இனி காசு விஷயம். சென்னையில் இருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறியவர் விடிவதற்கு முன்பே வந்துவிடுவார். அது ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலும் நிற்கும் என்பது பலருக்கு ஞாபகம் வராது. பெரிய ஓட்டல்களில் அறை கொடுப்பது நண்பகல் பன்னிரண்டுக்கோ இரண்டு மணிக்கோ. அதுவரை சோபாவில் உட்கார்ந்து அங்கிருக்கும் செயற்கைச் செடியை எண்ண வேண்டும், இல்லை முந்தைய நாள் வாடகையும் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். திரும்பும் ரயிலோ ராத்திரிதான். ஆக 'ஒரு நாள் வாடகை' என்பது உண்மையில் இருபத்திரண்டு மணி நேரம், அதுவும் வேண்டாத இருபத்திரண்டு மணி நேரம்.

பழைய லாட்ஜ்கள் பலவற்றில் இருபத்திநாலு மணி நேரக் கணக்கு உண்டு. காலை ஐந்துக்கு அறை எடுத்தால் மறுநாள் காலை ஐந்துவரை. இந்த எளிய நாகரிகத்தை எந்த ஸ்டைலான ஓட்டலும் அவர்களிடம் இருந்து கற்றுக்கொள்ளவில்லை! 2025 செப்டம்பர் 22இல் இருந்து ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது, அதற்கு மேல் போனால் 18. அறை வாடகை 7,400க்கும் 7,600க்கும் நடுவில் ஊசலாடினால், அந்த இருநூறு ரூபாய் வித்தியாசம் வரியோடு சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய் வித்தியாசமாகிவிடும். பதிவு செய்யும் முன் காகிதத்தில் ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது.

ஸ்ரீரங்கத்தின் குறைகள்

சரி, எல்லோரும் ஸ்ரீரங்கத்திலேயே தங்கிவிடலாம் என்று முடித்துவிட்டால் கட்டுரை சுலபம். ஆனால் அது நேர்மையாக இருக்காது.

ஸ்ரீரங்கத்தில் இப்போது கிடைப்பவை மூன்று வகை. பஞ்சக்கரை சாலையில் கொள்ளிடக் கரையோரம் 2014இல் திறந்த யாத்ரி நிவாஸ். அறநிலையத் துறை சார்ந்தது, விசாலமானது, விலை குறைவு, ஆனால் வைகுண்ட ஏகாதசி சமயத்தில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. இரண்டாவது, கோபுரத்தைச் சுற்றியுள்ள லாட்ஜ்கள். மூன்றாவது, வீட்டு மாடியில் ஓர் அறையைப் பிரித்து வாடகைக்கு விடும் ஏற்பாடுகள். மாடிப்படி செங்குத்து, லிப்ட் கிடையாது, முட்டி வலிக்கும் பாட்டியோடு போகிறவர் கீழேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அசைவம் வேண்டும் என்றால் ஆற்றைத் தாண்ட வேண்டும்.

இன்னொரு குறை இவற்றைவிடக் கனமானது. கோயில் ஊர் லாட்ஜ்களில் தனியாக வருகிறவருக்கு அறை இல்லை என்று சொல்வது பழைய வழக்கம். அதிலும் தனியாக வரும் பெண் என்றால் மேலும் கீழும் ஒரு பார்வை, 'கூட யாரும் வரலையா?' என்று ஒரு கேள்வி. கோயில் சிற்பம் பார்க்க ஆசைப்பட்டு முதுகில் ஒரு பையோடு தனியாகக் கிளம்பும் கல்லூரி மாணவிக்கு மன்னார்புரத்தின் ஊதா விளக்கு ஓட்டல் ஒரு பெரிய உபகாரம் செய்கிறது. அடையாள அட்டையைப் பார்க்கும், அறைச் சாவியைக் கொடுக்கும், வேறு எதுவும் கேட்காது. ஸ்டைல் என்று சொல்லப்படுவதில் உண்மையாக மதிப்புள்ளது இதுதான்: கேள்வி கேட்காமல் மரியாதையோடு கொடுக்கப்படும் சாவி.

சட்டமும் அந்தப் பக்கம்தான். கோவையில் ஒரு விடுதிக்குச் சீல் வைத்த வழக்கில் 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், மணமாகாத இருவர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று தெளிவாகச் சொன்னது. இருவருக்கே தடை இல்லை என்றால் ஒருவருக்கு எங்கிருந்து வந்தது தடை? ஆகவே தெருவின் அழகைக் காட்டி ஸ்ரீரங்கத்துக்கு வோட்டுக் கேட்கிறவர்கள், அந்தத் தெருவில் எல்லோருக்கும் கதவு திறக்கிறதா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இடிபடும் முற்றங்கள்

இப்போது கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த இடத்துக்கு வரலாம்.

ஸ்ரீரங்கத்தின் பழைய வீடு எப்படி இருக்கும்? தெருவை ஒட்டித் திண்ணை. உள்ளே போனால் ரேழி. அதைத் தாண்டி கூடம், நடுவில் வானம் தெரியும் முற்றம், பின்னால் அடுக்களை, அதற்கும் பின்னால் கிணறும் கொல்லையும். அகலம் குறைவு, நீளம் ரயில் பெட்டி மாதிரி. மதிய வெயிலிலும் கூடத்தில் பனை விசிறி போதும். உலகத்தில் எந்த பூட்டிக் ஓட்டல்காரரும் லட்சம் லட்சமாகக் கொட்டி வரவழைக்க நினைக்கும் குணம் இந்த வீடுகளுக்குப் பிறவியிலேயே இருக்கிறது.

ஆனால் பிள்ளைகள் பெங்களூரிலும் நியூஜெர்சியிலும் இருக்கிறார்கள். அப்பா அம்மா காலம் முடிந்ததும் ஐந்து வாரிசு, ஐந்து கையெழுத்து, ஒரு பில்டர். ஓராண்டில் திண்ணை இருந்த இடத்தில் கார் நிறுத்துமிடமும் அதன் மேல் மூன்று மாடி ஃபிளாட்டும் எழுந்துவிடும். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஓடு மாற்றுவதற்கும் கரையான் பிடித்த உத்திரத்தை மாற்றுவதற்கும் ஆகும் செலவை யார் தருவார்கள்? 2017இல் கோயிலின் புனரமைப்புப் பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. ஊரே கொண்டாடியது, சரிதான். ஆனால் கோயிலைக் காப்பாற்றிய ஊர், கோயிலின் வெளிப் பிராகாரமாகிய தன் சொந்த வீடுகளை இழந்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் சின்ன ஓட்டல் என்ற யோசனை ஆடம்பரமாக இல்லாமல் மருந்தாக மாறுகிறது. ஐந்தாறு அறைகள். வீட்டுக்காரரோ அவரது உறவினரோ அங்கேயே குடியிருப்பது. காலையில் திண்ணையில் காபி. அறையில் இருந்து வரும் வருமானம் ஓட்டுக்கும் உத்திரத்துக்கும் போகும். அரசாங்கத்தின் வீட்டு விருந்தினர் திட்டமே இதற்குப் பொருந்தும். காரைக்குடியில் முடிந்தது ஸ்ரீரங்கத்தில் முடியாதா?

முடியும், ஆனால் இரண்டு எச்சரிக்கைகள்.

ஒன்று, இலங்கையின் காலி கோட்டை. 1988இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பழைய வீடுகளைப் பணக்காரர்களும் வெளிநாட்டவர்களும் வாங்கி அழகழகான சின்ன ஓட்டல்களாக மாற்றினார்கள். கட்டிடங்கள் பிழைத்தன, ஆனால் தலைமுறைகளாக அங்கே குடியிருந்த குடும்பங்கள் பல வெளியேறிவிட்டன. சுவர் இருக்கிறது, வாசலில் கோலம் போட ஆள் இல்லை என்றால் அது தெரு இல்லை, சினிமா செட். அதனால்தான் வீட்டுக்காரர் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவசியமாகிறது.

இரண்டாவது எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டால் அழகைப் பற்றி மட்டும் பேசியதாகிவிடும். அக்கிரகாரத்துத் திண்ணையைப் பற்றி உருகுகிறவர்கள், அந்தத் திண்ணைவரைகூட வர முடியாமல் இருந்தவர்களையும் நினைக்க வேண்டும். வீடு என்பது சொந்தக்காரர் விருப்பம், யாரை உள்ளே விடுவது என்பது அவர் பாடு. ஆனால் வீடு ஓட்டலாகிவிட்டால் கதை வேறு. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, சாதியின் பெயரால் யாரையும் ஓட்டலுக்குள் வராதே என்று சொல்லக் கூடாது என்கிறது. மதம், பால், பிறந்த இடம் எதன் பெயராலும் கூடாது என்கிறது. நூறு வருஷமாகச் சிலருக்கு மட்டும் திறந்திருந்த கதவு, ஒரு பெயர்ப் பலகை மாட்டியதும் எல்லோருக்கும் திறந்தாக வேண்டும்! அந்தக் கூடத்தில் யார் வேண்டுமானாலும் பாய் விரித்துப் படுக்கலாம் என்ற நிலை வருவது, கட்டிடம் பிழைப்பதைவிடப் பெரிய லாபம். அந்த லாபம் வேண்டாம் என்று நினைத்து ஓட்டல் யோசனையையே எதிர்க்கிறவர்களும் இருப்பார்கள். இருக்கட்டும்.

ஆக, எங்கே தங்கலாம்?

கைக்குழந்தை, மூட்டு வலி, விடியற்கால விமானம், கல்யாண மண்டபம், என்.ஐ.டி. வேலை இவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் மன்னார்புரம், கன்டோன்மென்ட் பக்கம் தங்கலாம். பூட்டிக் என்ற பொட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்காமல், லிப்டுக்கும் சுத்தத்துக்கும் கொடுக்கலாம். தனியாக வரும் பெண்களுக்கும் இன்றைய நிலையில் இதுவே நிம்மதி. இப்படிச் சொல்ல வேண்டியிருப்பது ஸ்ரீரங்கத்துக்குப் பெருமை இல்லை.

கடைத்தெரு பிரியர்களுக்கு நடுவில் ஒரு வழி உண்டு. சத்திரம், தெப்பக்குளம் பக்கம் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை. கீழே இறங்கினால் சின்னக்கடை வீதி, பெரியகடை வீதி, லூர்து மாதா கோயில், நத்தர்வலி தர்கா எல்லாம் நடை தூரம். ஸ்ரீரங்கத்துக்கும் பாதி வழி வந்தாயிற்று. சத்தத்துக்குப் பயப்படுகிறவர்கள் மட்டும் தவிர்க்கலாம்.

மற்றவர்கள், அதாவது ஊரைப் பார்ப்பதற்கென்றே இரண்டு நாள் ஒதுக்கி வருகிறவர்கள், ஒரு ராத்திரியாவது ஸ்ரீரங்கத்தில் தூங்கி எழ வேண்டும். அறை சுமாராகத்தான் இருக்கும். துண்டில் அன்னப்பறவை இருக்காது. ஆனால் விடியற்காலை ஐந்தரைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினால் தெருவே கண்விழித்துக்கொண்டிருக்கும். அப்படியே ஓர் உத்திர வீதியைச் சுற்றி நடந்தால் இன்னும் இடிபடாத வீடுகள் சில கண்ணில் படும். திண்ணையில் யாராவது பெரியவர் உட்கார்ந்திருந்தால் நின்று இரண்டு வார்த்தை பேசலாம். 'இந்த வீட்டில் ஓர் அறை வாடகைக்குக் கிடைக்குமா மாமா?' என்று சும்மா கேட்டும் பார்க்கலாம். நாலு பேர் கேட்டால் சிரிப்பார். நானூறு பேர் கேட்டால் பில்டருக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒருதரம் யோசிப்பார்.